பிள்ளைகளைச் சொந்தமாக எழுதவைப்பது எப்படி? எல்லையோரத் தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் (ஆந்திரத்துச் சித்தூர் வேறு) ஒரு தமிழ் வழி எல்.பி. பள்ளியில் (ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை) நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், எனக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு. 24 பிள்ளைகள். 'எனது பள்ளி' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். 24 நோட்டிலும் "எனது பள்ளி மிகவும் அழகானது. எனது பள்ளியில் மரங்கள் உள்ளன" என்றே இருந்தது. எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு வேப்பமரம். அந்த 'மரங்கள்' நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது.

அதிலிருந்து வெளியே வர எனக்கு இரண்டு வருடம் ஆனது. நீங்கள் பொள்ளாச்சிப் பக்கமிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, கோவிந்தாபுரம் பக்கத்துப் பள்ளிக்கு வந்திருந்தால், அந்த இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தோட்டப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. ஜூன் முதல் வாரத்திலேயே பீரியடைப் பிடியுங்கள்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் டைம்டேபிள் எழுதிவிடுவார்கள். சுவரில் ஒட்டிய பிறகு மாற்றச் சொல்வது பெரிய பாடு. அதற்கு முன்பே கேளுங்கள். வாரம் நான்கு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். புதிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை, தமிழ்ப் பாடத்துக்கு ஏற்கெனவே இருக்கும் பீரியடுகளில் நான்கை 'எழுத்து' என்று குறித்துக்கொண்டால் போதும். எல்.பி. வகுப்பில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் எடுக்கிறோம் என்பதால் இது நம் கையில் இருக்கிற விஷயம்.

"வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் தருகிறேன், ஆசை தீர எழுதவையுங்கள்" என்பார்கள். வாங்காதீர்கள். நான் வாங்கினேன். போன வாரம் ஆரம்பித்தது என்ன என்பதே பிள்ளைக்கு நினைவிருக்காது. ஒவ்வொரு வெள்ளியும் புதுத் தலைப்பு, எதுவும் முடியாது. பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டே எழுதுவார்கள். அடுத்தடுத்த நாட்களில் பீரியட் வந்தால், நேற்று விட்ட இடம் ராத்திரியெல்லாம் மனதில் ஓடி, காலையில் வந்ததும் "டீச்சர், அந்த ஆட்டைப் பத்தி இன்னொண்ணு இருக்கு" என்று தொடங்குவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், என்பது எனக்குச் சரிப்பட்டது.

2. காகித வேலை

குறைவுதான், ஆனால் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

டீச்சிங் மேனுவல் (ஆசிரியரின் பாடக் குறிப்பேடு): எழுத்துப் பீரியடுக்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். நம் எச்.எம். (தலைமையாசிரியர்) பெரும்பாலும் மலையாளி, தமிழ் பேசுவார், வாசிக்க வராது. நான் முதல் வருடம் முழுக்கத் தமிழில் அழகாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாரே தவிர என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் அதிகாரி பார்வைக்கு வந்தபோது, "இந்தக் கிளாஸில் பிள்ளைகள் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்ற குறிப்பு என் தலையில் விழுந்தது. அடுத்த வருடம் முதல் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இரண்டு வரி மலையாளத்தில்: இந்த வாரம் என்ன கற்பிக்கிறேன், பிள்ளை என்ன செய்யும். மலையாளம் எழுத வராவிட்டால் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள். ஒரு டீக்குச் செய்து தருவார்.

எஸ்.ஆர்.ஜி. (பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடும் குழு) கூட்டக் குறிப்பு: ஜூன் மாதக் கூட்டத்திலேயே 'மூன்றாம் வகுப்பில் வாரம் நான்கு பீரியட் சுய எழுத்து' என்று ஒரு வரி பதிவாகட்டும். யாராவது சட்டம் கேட்டால் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29-ஐச் சொல்லுங்கள். பிள்ளையைப் பயமில்லாமல் வைத்திருப்பதும், தன் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்ல உதவுவதும், முடிந்தவரை தாய்மொழியில் கற்பிப்பதும் அதில்தான் இருக்கின்றன. நான் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேனுவலின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு தடவை உதவியிருக்கிறது.

பெற்றோர் சம்மதச் சீட்டு: பிள்ளை எழுதியதை வகுப்புக்கு வெளியே காட்ட, நகலெடுக்க, படம் பிடிக்க. வருடத்தின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே வாங்கிவிடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

உங்களுக்கென்று ஒரு நோட்டு: பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, என்ன எழுதுகிறான், நான் என்ன சொன்னேன், அடுத்து என்ன. இதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை.

3. செலவு

24 பிள்ளைகளுக்கு எனக்கு ஒரு வருடம் ஆனது இது. கடைக்குக் கடை விலை மாறும், ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போடாத 100 பக்க நோட்டு 24, ரூ. 600.
கயிறு கட்டும் அட்டைக் கோப்பு 24, ரூ. 290.
ஏ4 தாள் ஒரு கட்டு, ரூ. 300.
நூல், கோணூசி, சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, ரூ. 150.
வருடம் முழுவதும் ஜெராக்ஸ், ரூ. 400.

மொத்தம் ரூ. 1,740. பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் கழகம்) ஆயிரம் கொடுத்தது, மீதி என் கைக்காசு. பி.டி.ஏ.விடம் கேட்பதென்றால் ஜூன் கடைசிக்குள் கேளுங்கள். ஓணம் நெருங்கிவிட்டால் பணம் எல்லாம் பூக்களத்துக்கும் (பூக்கோலம்) சத்யாவுக்கும் (ஓண விருந்து) போய்விடும்.

கோடு போட்ட நோட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரு கோடு நோட்டைக் கண்டால் இந்த வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் பயிற்சி ஞாபகம் வந்துவிடும், எழுத்தை அழகாக வரைய ஆரம்பிப்பான். அப்புறம், வலதுபக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இடதுபக்கம் பின்னால் சேர்ப்பதற்கு. ரப்பரையும் இந்தப் பீரியடில் மேசைமேல் வைக்கவிடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போகட்டும். முதல் வாரம் ரப்பருக்காக அழுத பிள்ளை உண்டு.

4. முதல் இரண்டு வாரம் பேச்சுதான்

உடனே எழுதவைக்காதீர்கள். வட்டமாக உட்காரவைத்து, உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். சின்னதாக இருக்கட்டும். நான் சொன்னது, வேலந்தாவளம் பஸ்ஸில் என் குடை இன்னொருவர் சட்டையில் மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கிப்போன கதை. உடனே பத்துக் கை தூக்கப்படும். எல்லோருக்கும் ஒரு பஸ் கதை இருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எனக்குத் தெரிந்தவை' என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். வருடம் முழுக்க அவர்கள் தலைப்பு எடுக்கப்போவது இங்கிருந்துதான். என் வகுப்பில் வந்தவை சில: போர்வெல் வண்டி வந்த ராத்திரி, மாமா தென்னையில் ஏறிக் கள் இறக்குவது, செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தியது, முதலமடையில் மாங்காய் பறிக்கப்போனது, பாட்டியின் தங்கப்பல். நான் நாற்பது தலைப்பு யோசித்திருந்தாலும் தங்கப்பல் எனக்கு வந்திருக்காது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அதனிடம் எழுது எழுது என்று சொல்லாமல், மதியச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுங்கள். அப்படிப் பேசியதில் ஒரு சிறுமி நாய்க்குட்டிக்குச் சோறூட்டும் விதத்தை முழுசாக விளக்கினாள். "இதை எழுதினால் போதும்" என்றேன். "இதெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டாள்.

ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் படம் வரையட்டும். பிள்ளை சொல்வதை நீங்கள் படத்தின் கீழே எழுதுங்கள், ஒரு வரி. அவன் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். "ஆடு கத்திச்சு" என்றால் "ஆடு கத்திச்சு". 'கத்தியது' என்று மாற்றினால் அவனால் அதைத் திருப்பிப் படிக்க முடியாது. தான் சொன்னதுதான் அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையும் போய்விடும். வாய்ச்சொல் காகிதத்தில் நிற்கும் என்று புரிந்தால், ஒன்றிரண்டு மாதத்தில் அவனே கீழே எழுத ஆரம்பிப்பான்.

5. நாற்பது நிமிடம் எப்படிப் போக வேண்டும்

முதல் 8 நிமிடம் ஒரு சின்னப் பாடம். பிறகு 22 நிமிடம் எழுத்து. கடைசி 10 நிமிடம் இரண்டு மூன்று பேர் வாசித்துக்காட்டுவது. கடிகாரத்தைப் பார்த்து நடத்துங்கள். நமக்குப் பேச்சு நீளும் தொழில். முதல் எட்டு இருபதாகிவிட்டால் அன்று எழுத்தே இல்லை.

சின்னப் பாடத்தில் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். முதலில் சொல்லவேண்டியது எது என்று கேட்டால், என் பதில் 'பழனி பாடம்'. எல்லையோரத்துப் பிள்ளை எல்லோரும் எப்போதாவது பழனிக்குப் போயிருப்பார்கள். எழுதச் சொன்னால், "காலையில் எழுந்தேன், பல் விளக்கினேன், பஸ் ஏறினேன், சாமி கும்பிட்டேன், சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்தேன், தூங்கினேன்" என்று வரும். ஒரு நாள் முழுவதும் ஏழு வரியில் முடிந்துவிடும். அதைப் பலகையில் எழுதிப்போட்டு, "இதில் ஒரே ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கலாமா? மொட்டை போட்ட நிமிஷம்?" என்று கேளுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றியது, கத்தி உரசும் சத்தம், மடியில் விழுந்த முடி, தம்பி அழுதது, காற்று மண்டையில் பட்டது. பிள்ளைகளே சொல்வார்கள். ஒரு நிமிஷத்துக்கு ஒரு பக்கம் வந்துவிடும்.

மற்றப் பாடங்கள் பின்னால் மெதுவாக வரட்டும்: பேசியதைப் பேசியபடியே எப்படி எழுதுவது, நடுவிலிருந்து எப்படித் தொடங்குவது, 'அப்புறம்' பத்துத் தடவை வந்தால் என்ன செய்வது. வாரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

எழுத்து நேரத்தில் முதல் நான்கு நிமிடம் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். சும்மா எழுதுவதுபோல நடிப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நான் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து ஒருவன் "டீச்சருக்கும் தப்பு வருது" என்று வகுப்பு முழுக்கச் சொன்னான். அன்றைக்குப் பாதிப் பேருக்குக் கை இளகியது.

6. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது

நான் தலைகீழாகச் செய்தது இதைத்தான். நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கிப்போய், ராத்திரி பதினொரு மணிவரை சிவப்புப் பேனாவில் திருத்தி, காலையில் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை நோட்டைத் திறந்து, எத்தனை சிவப்பு என்று எண்ணிவிட்டு மூடிவிடும். ஒரு வரிகூடப் படிக்காது.

அதற்குப் பதிலாக, பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அமெரிக்காவில் டொனால்ட் கிரேவ்ஸ் போன்றவர்கள் 1980களில் பரப்பிய வழி இது, நமக்கும் அப்படியே பொருந்துகிறது. கணக்கு எளிது: ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், ஒரு பீரியடில் ஆறு பேர், நான்கு பீரியடில் 24 பேர். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசிவிடுகிறீர்கள். 35 பேர் இருந்தால் ஒன்றரை வாரம் ஆகும், பரவாயில்லை. யாரிடம் எந்த நாள் என்று பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தம்போடும் ஆறு பேரிடமே சுற்றிவருவீர்கள்.

உட்கார்ந்ததும் கேட்க வேண்டியது:

"எதைப் பத்தி எழுதற?" முதலில் வாயால் சொல்லட்டும்.

"எனக்கு வாசிச்சுக் காட்டு." நீங்கள் நோட்டைப் பிடுங்கிப் படிக்க வேண்டாம். அவன் வாசிக்கும்போதே விட்டுப்போன சொல் அவன் கண்ணிலேயே படும்.

"இந்த இடம் எனக்குப் புரியலை, அப்ப என்ன ஆச்சு?" உண்மையிலேயே புரியாத இடத்தில் மட்டும் கேளுங்கள்.

"அடுத்து என்ன செய்யப்போற?" அவன் பதிலை உங்கள் நோட்டில் குறித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

கையில் பேனா இருந்தால் கை தானாகத் திருத்தும். பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் குறிப்பை பென்சிலில் எழுதினால் போதும்.

7. திருத்தம்: எல்லையில் இது தனிக் கதை

என் இரண்டாம் வருடத்தில் ஒரு பையன் எழுதியது இது:

"பட்டி தோட்டத்துல ஓடுச்சு. நான் வெள்ளம் கொடுத்தேன். அது குடிக்கல. அதுக்குப் பனி."

எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் பட்டி என்றால் ஆட்டுப்பட்டி. ஆட்டுப்பட்டி எப்படி ஓடும்? வெள்ளத்தை எப்படிக் கொடுப்பது? பனி எங்கே வந்தது? பக்கம் முழுவதும் சிவப்புக் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: மலையாளத்தில் பட்டி என்றால் நாய், வெள்ளம் என்றால் தண்ணீர், பனி என்றால் காய்ச்சல். அவனுடைய நாய் காய்ச்சலில் கிடந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலு வரியில் அதைச் சொல்லியிருக்கிறான், நான் எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் தயார்செய்ய வேண்டியது இப்படி ஒரு சொல்பட்டியல்தான். இரண்டு மொழியிலும் இருக்கும், பொருள் மட்டும் வேறாக இருக்கும் சொற்கள். மேலே வந்த மூன்றோடு, 'மதி' (நமக்கு நிலா அல்லது அறிவு, அங்கே 'போதும்'), 'கறி' (நமக்கு இறைச்சி என்றுதான் முதலில் தோன்றும், அங்கே சோற்றுக்கு ஊற்றும் குழம்பெல்லாம் கறி). வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, இரண்டு கட்டம் போட்டு, பிள்ளைகளே சேர்க்கட்டும். இந்தச் சார்ட் எங்கள் வகுப்பில் மூன்று வருடமாக வளர்கிறது. அதில் எது தப்பு என்று எழுதாதீர்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி: கோயம்புத்தூர் அத்தை படிக்க வேண்டுமென்றால் 'தண்ணீர்', கதைக்குள் பக்கத்துவீட்டுச் சேச்சி (அக்கா) பேசுகிறார் என்றால் 'வெள்ளம்'. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரிகிறது.

அடுத்தது பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும். 'ஓடுச்சு', 'குடிக்கல', 'போனாங்க'. முதல் பிரதியில் இவற்றைத் தொடவே தொடாதீர்கள். பிள்ளை வீட்டில் பேசும் தமிழில்தான் யோசிக்கிறது; 'ஓடியது' என்று யோசித்து எழுதச் சொன்னால், 'எனது பள்ளி மிகவும் அழகானது' திரும்ப வந்துவிடும். கதை முழுசாக வந்த பிறகு, நல்ல பிரதி எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் மேற்கோள்குறிக்குள் யாராவது பேசுவது பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். இந்த ஒரு விதியைக் கொடுத்ததும் என் வகுப்பில் எல்லாக் கதையிலும் பாட்டிகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள், ஏனென்றால் அங்கே சுதந்திரம் இருக்கிறது.

மூன்றாவது எழுத்துப்பிழை. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. எல்லா ஊரிலும் உள்ள தொல்லைதான், இங்கே கூடுதலாக ஒன்று. மலையாளத்தில் க-வுக்கு நான்கு எழுத்து, ப-வுக்கு நான்கு. இரண்டும் படிக்கிற பிள்ளை 'பஸ்' எழுதும்போது நிமிர்ந்து "எந்த 'ப' டீச்சர்?" என்று கேட்கும். தமிழில் ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னால் நம்பாமல் பார்க்கும். நடுவில் ஒரு மலையாள எழுத்து நுழைந்துவிடுவதும் உண்டு. அதற்காகக் கோபப்படாதீர்கள், இரண்டு எழுத்துமுறையை ஒரே வருடத்தில் தூக்குகிற பிள்ளை அது.

திருத்தும் முறை இது. நல்ல பிரதிக்கு முன்னால், பிள்ளை தானே ஒருமுறை, ஒரு தோழனோடு ஒருமுறை, பிறகுதான் உங்களிடம். நோட்டின் உள் அட்டையில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மூன்று வரி ஒட்டியிருக்க வேண்டும்: 'வாக்கிய முடிவில் புள்ளி', 'ர-ற பார்', 'பெயரை விட்டுவிட்டேனா'. மூன்றும் கைவந்தால் புதிதாக ஒன்று. நீங்களும் அந்த மூன்றை மட்டும்தான் திருத்த வேண்டும். மற்றப் பிழைகள் கண்ணை உறுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் இன்றுவரை கஷ்டம்.

கேரளத்துப் பாடநூல் வகுப்பிலும் தனியாக எழுதுவது, குழுவில் பகிர்வது, எடிட்டிங் என்று ஒரு வரிசை பழக்கத்தில் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு குழுவின் பிரதியை எடுத்துப் பலகையில் எல்லோரும் சேர்ந்து திருத்துகிறோம். அதையும் மாதம் ஒருமுறை செய்யலாம். யாருடைய பிரதி என்றால், அந்தப் பிள்ளை சரி என்று சொன்ன பிறகுதான்.

8. புத்தகமாக்குங்கள், சீக்கிரமாக

பிள்ளை ஏன் நல்ல பிரதி எழுத வேண்டும்? யாராவது படிக்கப்போகிறார்கள் என்பதால். அதனால் முதல் புத்தகம் ஓணப் பரீட்சைக்கு முன்பே வந்துவிட வேண்டும். ஆண்டுவிழாவுக்குப் பெரிய கையெழுத்து இதழ் போடலாம் என்று காத்திருந்தால், அதில் நன்றாக எழுதும் நாலு பேர்தான் இருப்பார்கள்.

ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் நான்கு பக்கம். நான்கு தாள் சேர்த்தால் பதினாறு பக்கம். மடிப்பில் கோணூசியால் மூன்று துளை, நூலால் ஒரு தையல். ஊசி வேலை உங்களுடையது, மடிப்பு பிள்ளைகளுடையது. அட்டையில் தலைப்பு, ஆசிரியர் பெயர், பின் அட்டையில் 'ஆசிரியரைப் பற்றி' இரண்டு வரி. வகுப்பு நூலகத்தில் மற்றப் புத்தகங்களோடே வையுங்கள், இரவல் பதிவேட்டிலும் எழுதுங்கள். தங்கப்பல் புத்தகம் என் வகுப்பில் ஒரு வருடத்தில் 19 தடவை இரவல் போனது. ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு, போன வருடப் பிள்ளைகளின் புத்தகங்களையே புதிய வகுப்புக்கு வாசித்துக்காட்டுகிறேன்.

இன்னொரு வழி, கடிதம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் என் தோழி இருக்கிறார். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதப் போக்குவரத்து. போஸ்ட் கார்டு ஐம்பது காசு, 24 கார்டு 12 ரூபாய். பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களிலேயே பிள்ளைகள் எழுதியதை வகுப்பிலேயே அச்சடித்து வேறு பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறார். நமக்கு அச்சு இயந்திரம் இல்லாவிட்டால் என்ன, போஸ்ட் கார்டு இருக்கிறது. "வெள்ளம் என்றால் என்ன?" என்று அந்தப் பக்கத்துப் பிள்ளை பதில் எழுதிக் கேட்டது. நான் ஒரு வருடம் விளக்கியதைவிட அந்த ஒரு கார்டு நன்றாக வேலைசெய்தது. கார்டு தபாலாபீசில் எப்போதும் இருக்கும் என்று நம்பாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவைத்து மொத்தமாக வாங்குங்கள்.

9. பெற்றோர் கூட்டம்

"நோட்டில் திருத்தமே இல்லையே, டீச்சர் பார்ப்பதே இல்லையா?" இந்தக் கேள்வி வருடத்தின் முதல் பெற்றோர் கூட்டத்தில் நிச்சயம் வரும். பேச்சால் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் ஜூன் மாதப் பக்கம் ஒன்று, இப்போதைய பக்கம் ஒன்று, இரண்டிலும் தேதி போட்டு முன்னால் வையுங்கள். தாங்களே பார்த்துக்கொள்வார்கள். தேதி இல்லாத தாள் எதற்கும் உதவாது, அதனால் வருகைப்பதிவு முடிந்ததும் தேதி முத்திரை குத்துவதை ஒரு பிள்ளையின் வேலையாகவே ஆக்கிவிடுங்கள்.

தொடர் மதிப்பீட்டுக்கும் இதே கோப்பு போதும். மதிப்பெண்ணை நோட்டில் எழுதாதீர்கள், உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தால் பிள்ளையை அருகில் உட்காரவைத்து வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

10. பிள்ளை உண்மையை எழுதினால்

சொந்தமாக எழுதச் சொன்னால் வீட்டில் நடப்பதும் வரும். ஒரு பிள்ளை அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரியைப் பற்றி எழுதியது. மிக நன்றாக எழுதியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் அதைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். பெயரை மறைத்துத்தான் போட்டேன், கையெழுத்தை மறைக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளை மூன்று வாரம் நோட்டைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் சட்டம் இதுதான். பக்கத்தின் மேல் மூலை மடித்திருந்தால் அது டீச்சருக்கு மட்டும். இரண்டு மூலையும் மடித்திருந்தால் யாருக்கும் இல்லை, டீச்சரும் படிக்கக் கூடாது. வாசித்துக்காட்டுவது, ஒட்டுவது, நகலெடுப்பது எதுவாக இருந்தாலும் பிள்ளையிடம் கேட்டுத்தான். பெற்றோர் சம்மதச் சீட்டு இருந்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாட்ஸ்ஆப் கிடையவே கிடையாது.

அடி, பட்டினி, தப்பான தொடுகை பற்றி ஏதாவது கண்ணில் பட்டால் அது எழுத்துப் பாடத்துக்குள் அடங்கும் விஷயம் இல்லை. பிள்ளையைக் குறுக்குவிசாரணை செய்யாதீர்கள். அன்றைக்கே எச்.எம்.மிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி (2012) புகார் தருவது நம் கடமை, மறைத்தால் அதுவே குற்றம். இதையும் முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: "நீ எழுதியதை யாரிடமும் காட்டமாட்டேன், உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி கேட்பேன்." சொல்லாமல் பின்னால் செய்தால் நம்பிக்கைத் துரோகமாகிவிடும்.

11. எந்த மாதம் எது

ஜூனில் பீரியட், காகிதம், பேச்சு. ஜூலையில் மழைக்கு விடுமுறை விழும். கணக்குப் பண்ணியதில் பாதி நடந்தால் நல்லது. ஆகஸ்டில் முதல் புத்தகம். ஓணப் பரீட்சைக்கு முந்தைய இரண்டு வாரம் எழுத்துப் பீரியடை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். நான்கில் இரண்டை விட்டுக்கொடுங்கள், இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓண விடுமுறை முடிந்து வந்ததும் எல்லோரும் பழைய நிலைக்குப் போயிருப்பார்கள். பயப்பட வேண்டாம், ஒரு வாரத்தில் திரும்பும். அக்டோபர், நவம்பரில் கலோத்சவம் (பள்ளிக் கலைவிழா) வந்து பாதிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடும். அப்போது புதிதாக எதையும் தொடங்காதீர்கள், கடிதம் எழுதுங்கள். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரி இரண்டும்தான் வருடத்தின் பொன்னான மாதங்கள். தடங்கல் குறைவு, பிள்ளைகளுக்கும் கை பழகியிருக்கும். பெரிய எழுத்து எல்லாம் அப்போதுதான் வரும்.

மார்ச் பரீட்சை முடிந்த அன்றே கோப்பையும் நோட்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள், நூலகத்துக்கு வைத்த புத்தகங்களை மட்டும் தகரப் பெட்டியில் பூட்டுங்கள். அடுத்த வருடம் காட்டலாம் என்று ஒரு தடவை எல்லாவற்றையும் மர அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனேன். ஜூனில் வந்து திறந்தால் கரையான்.